முதல் வாசகம்

அன்புள்ள நிலாவுக்கு,

போன மாசம் கிணத்துல குதிச்சு ஒடிஞ்ச கை கூடிருச்சு. கட்டு அவுத்தாச்சு. நீ கோவிச்சுக்கிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வத்தலக்குண்டுல உங்கப்பா வீட்டுக்குப் போனதுல இருந்து நானேதான் சோறாக்குறேன். போன்ல பேசுனா எனக்குத் திக்கும், அதான் எழுதுறேன்.

போன ஞாயித்துக்கிழமை பிராங்க்ளினும் மத்தவங்களும் மறுபடி கிணத்துக்குக் கூப்பிட்டாங்க. போயி மோட்டார் ரூம் மேல ஏறி நின்னேன். நான் வாயைத் தொறந்தா சிரிக்கிறவங்க, குதிச்சா கை தட்டுவாங்க. கீழ பார்த்தேன், தண்ணி இன்னும் எறங்கியிருந்துச்சு.

"ஏலே, பயந்துட்டியா?"ன்னான் பிராங்க்ளின்.

"ஆ... ஆமா, பயமாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு தோணுச்சு. எனக்கே ஆச்சரியம்.

அந்தச் சூட்டோட நம்ம சர்ச் சாமியாரைப் பார்த்து, ஞாயித்துக்கிழமை பூசையில நான் பைபிள் வாசகம் வாசிக்கட்டுமான்னு கேட்டுட்டேன்.

இன்னைக்கு வாசிச்சேன். மோட்டார் ரூம் மேல ஆடாத காலு மைக் முன்னால ஆடுச்சு. ரெண்டாவது வரியிலயே வார்த்தை மாட்டிக்கிச்சு. கோவில்ல ஒருத்தரும் சிரிக்கலை. மூச்சை இழுத்துவிட்டு அதே வார்த்தையை மறுபடி சொன்னேன், வந்துச்சு. கடைசி வரைக்கும் வாசிச்சுட்டுத்தான் எறங்குனேன்.

சனிக்கிழமை உன்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போக வாரேன். உங்கப்பாகிட்ட எனக்காக நீ பேச வேணாம், நானே பேசுறேன். சொல்லி முடிக்கச் செத்த நேரமாகும். அவரு உக்காந்து கேக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்