வார்னிஷ் அடித்த கிட்டார்

செவ்வாய், இரவு.

பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் இன்று தன் மகளின் கிட்டாரைக் கொண்டுவந்தார். அவள் என்னிடம் கற்றவள். கடை கடையாகத் தட்டிப் பார்த்து அதை அவளுக்குத் தேர்ந்து கொடுத்ததே நான்தான். பிடித்தவனோடு வீட்டை விட்டுப் போனவள், இந்தப் பொங்கலுக்கு வருகிறாளாம்.

“நகம் பட்டு ஒரே கீறலா இருந்துச்சுங்க. சின்னக் கறை இருந்தாலே நாங்க பீஸை ரிஜெக்ட் பண்ணீருவமுங்க. அதான் நானே தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுட்டனுங்க. தரம் எப்படீங்க இருக்குது?”

கண்ணாடி போல மின்னியது. முகப்புப் பலகையை விரலால் தட்டினேன். முன்பு தொட்டாலே அதிர்ந்த மரம், கனத்த பூச்சுக்குள் செத்துக் கிடந்தது. அந்த மாதிரி உயர்ந்த கிட்டாருக்குப் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வது?

“சத்தம் அமுங்குனாப்ல இருக்குதுங்களே?” என்று அவரே கேட்டார்.

“வாசிக்க வாசிக்கச் சத்தம் திறந்துருமுங்க” என்றேன். முகம் தெளிந்து, உறையில் பதமாக வைத்து எடுத்துப் போனார்.

திறக்காது. ஒரு முறை மீட்டினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். மீட்டுவதற்கு முன் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.