கதவுக்கு உன் குரல்

ரேணிகுண்டா
செவ்வாய்

கன்னிகாவுக்கு,

நானும் நைனாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தாதே.

மறதி நோய்க்காரர்களுக்காக நான் செய்த கதவுப் பெட்டிக்கு அரசு மானியம் கேட்டிருந்தேன் அல்லவா? நேற்று அதிகாரி ரூபா மேடம் பட்டறைக்கே வந்தார். உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளைத் தொட்டால், வெளியே போய்விடாமல் பெட்டி பேசி அவரை உட்கார வைக்க வேண்டும். ஆந்திர மானியம் ஆயிற்றே என்று தெலுங்குக் குரல் பதிந்திருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

நைனாவின் மறதியை வைத்தே சோதனை காட்டினேன். அவர் தாழ்ப்பாளைத் தொட்டதும், "பெத்தாயனா, கூர்ச்சோண்டி" என்று உட்காரச் சொன்னது பெட்டி. புத்தூர் சந்தையில் நாற்பது வருஷம் பருப்பு விற்றவருக்குத் தெலுங்கில் யார் பேசினாலும் வாடிக்கையாளர்தான். கதவை விரியத் திறந்து, வெளியே நின்ற மேடத்திடம், "ஏமம்மா, கந்திபப்பா, மினபப்பா?" என்று துவரையா உளுந்தா எனக் கேட்டுவிட்டார்.

"ஏமண்டி, இது கதவைத் தெறக்கற மிஷினா?" என்று மேடம் சிரித்தார். வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அன்றும் நைனா கதவைத் திறந்தால் மானியம் கிடையாது.

நீ சொன்னால்தான் நைனா கேட்பார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பட்டறைப் பையன் லோகேஸ்வரனிடம் குரல் பதியும் கருவி கொடுத்திருக்கிறேன். சிவப்புப் பொத்தானை அழுத்தி, "மாமா, குந்துங்க, சோறு ஆறிப்போவுது" என்று வீட்டில் சொல்வதுபோலவே சொல். பின்னால் மிக்சி ஓடினாலும் பரவாயில்லை. எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிடு. இங்கே விற்பது வெறும் காரம்.

லோகேஸ்வரன் வண்டிக்குக் கிளம்பிவிட்டான். என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல இன்னொன்றும் பதிந்து வை. அது மேடத்துக்குக் காட்ட அல்ல.

தங்கவேலு