சுனிதாவின் பிளேட்

அக்கா,

இன்று பெருங்கடவிளைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். படி ஏறும்போதே வேகிற சிறுபயறின் மணம். கையில் கோப்போடு நின்று தனியாகச் சிரித்தேன்.

பாறசாலைக்குத் தெற்கே, தமிழக எல்லையை ஒட்டிய நம் பள்ளியில் நீங்கள் மதியக் கஞ்சி வைத்தீர்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான், தமிழ் வகுப்புக்குத் தினக்கூலி டீச்சர். பிள்ளைகளைத் தவிர யாரிடமும் வாய் திறக்கமாட்டேன்.

பள்ளி திறந்த ஆறாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து பிள்ளைகளின் தலை எண்ண வருவார்கள். அரசு செலவைச் சுருக்கிய வருடம் அது. ஒரு பிள்ளை குறைந்தாலும் தமிழ் வகுப்பு போய்விடும். அன்று ஒன்று குறைந்தது. என் வகுப்புச் சுனிதா, தன் சித்தியின் கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டதும், "நீ ஓடு மக்கா, சாரை நான் பிடிச்சு வைக்கேன்" என்றீர்கள்.

"அவ்வளவு பேரு முன்னால நானா?"

"பின்னே கஞ்சியை யாரு இறக்குவா? நாக்கு உண்டுல்லா? போ!"

கல்யாணப் பந்தலில் நின்று மூன்று முறை தொண்டையைச் செருமினேன். யாரும் திரும்பவில்லை. கடைசியில் கத்தியே விட்டேன்: "சுனிதாவை ஒரு மணி நேரத்துக்குத் தாருங்க!" பந்தியே சிரித்தது. "திருப்பித் தருவியளா டீச்சரே?" என்றார் ஒரு மாமா.

பட்டுப்பாவாடையோடு அவளை இழுத்து வந்தால், அதிகாரி இரண்டாம் தடவை கஞ்சி வாங்கிக்கொண்டிருந்தார்.

"கஜானா காலியாக்கும் அம்மா. இப்போ சுருக்கல்லேன்னா நாளைக்கு ஒரு ஸ்கூலிலயும் சம்பளம் கொடுக்க ஒக்காது."

"செரிதான் சாரே. அரிசி குறைஞ்சா நானும் தண்ணி கூட்டுவேன். ஆனா ஒரு பிள்ளைக்க பிளேட்டைக் கமத்தி வைக்கமாட்டேன்."

அவர் பட்டுப்பாவாடையை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பிள்ளையை எங்கேருந்து வாடகைக்குப் பிடிச்சீங்க?"

சுனிதா யாரையும் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய், விளிம்பில் ஆணியால் பேர் கீறிய தன் பிளேட்டை எடுத்தாள். தன் இடத்தில் சம்மணமிட்டு, "கொறச்சு பயறு போதும் அக்கா, பாயசம் குடிச்சாச்சு" என்றாள். அதிகாரிக்குப் புரையேறியது. சிரித்துக்கொண்டே எண்ணிக்கையை எழுதினார். வகுப்பு பிழைத்தது.

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் கல்வி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் குறைந்துபோன 'லாபமில்லாத பள்ளிகள்' கோப்பு என் மேசையில்தான். அன்று அவர் சொன்னது பொய்யில்லை அக்கா. பணமில்லாமல் திரும்பி வரும் பில்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் வருகைப் பதிவை மட்டும் பார்த்து நான் குறிப்பு எழுதுவதில்லை. கஞ்சி நேரத்துக்குப் போய் பிளேட்டை எண்ணுவேன்.

இன்று பதிவில் இருந்ததைவிட மூன்று பிளேட் அதிகம். காலையில் வழியில் மழைக்கு ஒதுங்கி நின்று, பதிவு எடுத்தபின் வந்து சேர்ந்த பிள்ளைகள். அப்படியே எழுதிவிட்டேன். நாளை மேலதிகாரி முன்னால் அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

தொண்டையைச் செருமத்தான் செய்வேன் அக்கா. ஆனால் இப்போதெல்லாம் ஒரு தடவை போதும்.