மிக்-21 மூக்கில் வைத்த பொட்டு

மாப்ள,

இன்று காலை கூரியரில் நான் ஆர்டர் போட்டிருந்த பெட்டி வந்தது. பட்டறை வாசலிலேயே பிரித்துவிட்டேன். தெர்மோகோலைத் தூக்கியதும் புதுப் பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே பழைய ஹண்டர் போர் விமானம், உலோக மாடல்! இறக்கையில் நம் விமானப்படையின் வட்டம். சின்னதாக விமானியின் தலைகூட இருக்கிறதடா! "ஏய், இங்க பாரு" என்று உன் கடைப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

கோச்சடையில் என் டூவீலர் பட்டறையை ஒட்டித்தான் உன் எஸ்.டி.டி. பூத். போன் பேச வருகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள். நீ கண்ணாடி அலமாரியைப் பார்ப்பாய். அதில் ஐந்து ஜெட் விமானங்கள். எல்லாவற்றுக்கும் ராஜா அந்த வெள்ளி நிற மிக்-21. சிங்கப்பூரிலிருந்து உன் மச்சான் மடியில் வைத்தே கொண்டுவந்தது. தூசியை ஊதித்தான் தட்டுவாய். "ஊதும்போது எச்சி தெறிக்கக் கூடாது மாப்ள" என்று எனக்குப் பாடம் வேறு!

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மாடல் கண்காட்சி. உனக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். உன் விமானங்களை ஊர் பார்க்கப்போகும் முதல் தடவை. உனக்குக் கால் தரையில் பாவவில்லை. பூஜையன்று நீ பொரி வாங்கப் போன நேரம், நான் ஸ்பானர், ஜாக்கி, கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். வந்த வேகத்தில் உன் அலமாரியையும் திறந்து, மிக் மூக்கிலும் ஒரு பொட்டு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான்!

நீ வந்து பார்த்தாய். ஈரத்துணியால் துடைத்தாய். சந்தனம் போயிற்று, குங்குமம் வெள்ளிப் பெயிண்டில் ஊறிச் சிவப்பாக நின்றுவிட்டது. நான் பெட்ரோல் துணியோடு ஓடிவர, "கை வச்சே, தெரியும் சேதி" என்றாய். பிறகு உங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் திட்டினாய் பார், ஒரு வார்த்தை புரியாததால் பிழைத்தேன். அதோடு பேச்சு நின்றது. டீ வந்தால் உன் கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாய். மூன்று நாள்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சிக்கு நீ கூப்பிடாமலே வந்தேன். மிக்கைப் பின்வரிசையில், மூக்கு சுவரைப் பார்க்க ஒளித்து வைத்திருந்தாய். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தூண் ஓரமாக நின்றேன். அப்போது டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். நேராக அந்த மிக்கை எடுத்துத் திருப்பினார்.

"யாருய்யா இதுக்குப் பொட்டு வச்சது?"

நீ தலையைக் குனிந்தாய். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அட, நான் வச்ச மாதிரியே இருக்கேய்யா! ஆயுத பூசையன்னிக்கு ஹேங்கர் கொட்டகையில நிக்கிற மிக்குக்கு ஏணி போட்டு ஏறிப் பொட்டு வைப்போம். எம்புட்டோ மாடல் பாத்துட்டேன், பொட்டு வச்ச மிக்கை இன்னிக்குத்தான் பாக்குறேன்!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கூடமே திரும்பிப் பார்க்க நீ கத்தினாய்: "மாப்ள! ஓடியா, ஓடியா! நீ வச்சது சரிதான்டா!"

ஓடி வந்தேன். என் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தி, "இவன்தாண்ணே வச்சான்" என்றாய். மிக் முன்வரிசைக்கு வந்தது. அன்று முழுக்க வந்தவர்களிடமெல்லாம் பொட்டுக் கதையைச் சொன்னது நீதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாய்.

மூன்று நாள் நீ பேசாததையே தாங்காதவன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். அந்த "ஓடியா" காதை விட்டுப் போகவில்லை மாப்ள. வானத்தில் ஜெட் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுகிறேன். உனக்கும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றுதான் அண்ணாந்து பார்க்கிறேன்.