வாசலில் கிடக்கும் எரிகரும்பு

அம்மன் கோயிலில் தீ மிதிக்கும் குண்டத்துக்கு ஒரு கட்டு மரம் தர மறுத்துவிட்டேன் என்று சந்தையில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். தோட்டத்து ஓரமெல்லாம் ஊஞ்ச மரம் வைத்துக்கொண்டு அம்மனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, கான்வென்டில் படித்த திமிர் என்கிறார்களாம். திமிரை நான் மறுக்கவில்லை. மற்றது பொய். நான் கொடுத்தேன், அவர்கள் எடுக்கவில்லை.

அந்தக் கட்டு இன்னும் என் வாசலில் கிடக்கிறது. நேற்றைய தூறலில் பட்டை நனைந்து, காலையில் அதன் துவர்ப்பு வாசம் வீட்டுக்குள் வந்தது. உடனே உன் நினைவுதான். மார்கழியில், போத்தனூரில் உன் மகள் வீட்டில், நீ கண்ணை மூடிவிட்டாய். இதை முழுதாகக் கேட்க இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மன் நோம்பிக்கு, அந்தத் திருவிழாவுக்கு, முந்தைய வாரம் தப்பட்டையோடு வண்டி வரும். வீட்டுக்கு ஒரு கட்டு. அதை விறகு என்று சொல்லக்கூடாது, எரிகரும்பு. ஏற்றும்போது வீட்டுத் தலைவர் பெயரை உரக்கச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் இறந்த வருடத்திலிருந்து அந்த வண்டி என் வாசலில் நிற்பதில்லை. ஆண் இல்லாத வீட்டுக் கட்டு குண்டத்தில் சேராதாம். தோட்டத்துக்குத் தீர்வை கட்டுவது நான். மோட்டார் எரிந்தால் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சுருள் கட்டி வருவது நான். அம்மன் முன்னால் மட்டும் என் வீடு காலி மனை.

இதை உன்னிடம் கொட்டியது என் சமையலறையில். கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்த ஐந்து வருடமும் நீ என்னை 'டீ' போட்டுத்தான் அழைத்தாய். இந்த ஊர்ப் பள்ளிக்கே டீச்சராக வந்த பிறகு, தெருவில் பார்த்தால் 'ஏனுங்கம்மா' என்பாய். எனக்கு எரியும். உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் பழையபடி ஆவாய். அன்று காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தாய்.

"மரம் வெட்டறது எங்க தெரு. கட்டுக் கட்டறது எங்க தெரு. எங்க ஊட்டுக் கட்டுன்னு ஒரு குச்சி அதுல ஏறுனதில்ல. நீ இப்பத்தான்டி வரிசையில வந்து நிக்கறே."

உனக்கென்ன, நீ வேதக்காரி என்றேன். "எங்க ஊட்டுல பாதி மாதா, பாதி மாரி. எங்க அண்ணியக் கேட்டுப் பாரு" என்றாய். நான் கேட்கவில்லை. என் கோபத்திலேயே இருந்தேன்.

கோயில் கமிட்டியிடம் எழுதிக் கேள் என்று சொன்னது நீதான். வாயால் கேட்டால் வாயால் மழுப்புவார்கள் என்றாய். நான் எழுதிய மனுவில் பாதியை அடித்துவிட்டாய். கோபம் தெரிந்தால் அது அவர்களுக்குச் சௌகரியம் என்றாய். ஆனால் உன் தெருவுக்காக ஒரு வரிகூடச் சேர்க்கச் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் அதற்காக உன்மேலும் கோபம் வருகிறது.

அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு, கோயில் கமிட்டியில் இருக்கும் என் கொழுந்தனார் மகன் போன வாரம் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங் பெரீம்மா, நம்ம ஊட்டு விசயத்தப் போய் எழுதிக் குடுக்கலாமுங்களா? கட்டை எம் பேர்ல ஏத்திப்போடறேன். அம்மனுக்குப் போனாச் சரிதானுங்களே."

"தோட்டம் உம் பேர்லயா இருக்குது கண்ணு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். முந்தாநாள் வண்டி வந்தது. என் வாசலில் தப்பட்டையைக்கூட நிறுத்திவிட்டு, அடுத்த வீட்டில்தான் மறுபடி அடித்தார்கள். குண்டம் மூட்டுவது வருகிற செவ்வாய்.

நேற்று உங்கள் தெருவுக்குப் போனேன். உன் அண்ணி கைக்கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மனுவை மறுபடி எழுதப் போகிறேன், உங்கள் வீடுகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் தீட்டுவதை நிறுத்தி, கொடுவாளைக் கீழே வைத்தாள். பிறகு, "எம் பேரை மட்டும் போட்டு மாட்டி உட்றாதீங்கம்மா. போட்டா எல்லாத்து பேரையும் போடுங்க" என்றாள். வீடு வீடாக அவளே என்னைக் கூட்டிப்போனாள். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், அவர்களை விட்டுவிட்டேன்.

மை சிந்தினால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைப்பார்களே நம் சிஸ்டர், அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று மூன்று தாள் கிழித்தேன். நீ இருந்தால் அடித்திருக்கக்கூடிய சொற்களை எல்லாம் நானே அடித்துவிட்டேன். மிஞ்சியது இதுதான். உனக்குப் படித்துக் காட்டிவிட்டு, கோயிலுக்கு நானே எடுத்துப்போகிறேன்.

'கமிட்டியாருக்கு. என் வீட்டுக் கட்டை என் பெயரிலும், கீழே கண்ட வீடுகளின் கட்டுகளை அந்தந்த வீட்டார் பெயரிலும் குண்டத்துக்கு ஏற்றுக்கொள்வீர்களா, மாட்டீர்களா? செவ்வாய்க்கு முன் பதிலை எழுத்தில் தரவும்.'