கூப்பிட்டால் போகும் வள்ளம்

அன்பு மகன் யாசிருக்கு, குளச்சலில் இருந்து உன் வாப்பா சுலைமான் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் யார் தயவும் இல்லாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே பஹ்ரைன் வெயிலில் உடம்புக்கு ஒரு கேடும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன். மருமகள் முப்ஷிராவை ஏழாம் மாதம் ஆனதும் அவளுடைய உம்மா வந்து தேங்காப்பட்டணத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், போகும்போது முகம் நல்ல தெளிச்சமாக இருந்தது, கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். நீ போன் பண்ணும்போது அவளை அழவைக்கிற மாதிரி எதுவும் பேசாதே. போன் இருக்கும்போது வாப்பா எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போன் வந்தால் உன் உம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொள்வாள், உனக்குத் தெரியாததா. அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத பேச்சு இது. லீவு முடிந்து திரும்புகிற நம் தெருப் பையன் கையில் கருவாட்டோடும் நேந்திரங்காய் சிப்ஸோடும் இதையும் சேர்த்துக் கொடுத்து விடுகிறேன், கருவாட்டு வாசம் அடித்தால் கோபப்படாதே.

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். புது வள்ளத்துக்கு ஒற்றை எஞ்சின் போதும் வாப்பா, ரெண்டு வேண்டாம் என்று நீ ஒரு மாதமாக வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக் கொண்டிருந்தாய். ரெண்டு எஞ்சினும் ஓடினால் எண்ணெய் ரெட்டியாகக் குடிக்கும், ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு ஓட்டினாலும் அதன் பாரம் பின்னால் கிடந்து அமுக்கும், அதே எண்ணெயில் பெரிய ஒற்றை எஞ்சின் எவ்வளவோ தூரம் போய்த் திரும்பும் என்கிறாய். அங்கே மோட்டார் படகு ரிப்பேர் பார்க்கிற திமிரில் நாற்பது வருஷம் கடலில் கிடந்தவனுக்குப் பாடம் எடுக்கிறாய், எடுத்துக்கொள், நீ சொல்வதில் பிழை இல்லை. ஒன்று நின்றால் இன்னொன்று இருக்குமே என்று நான் கேட்டதற்கு, எண்ணெய் தீர்ந்தால் ரெண்டும் நிற்குமே வாப்பா என்று பதில் அனுப்பினாய். உன் தம்பியை நினைத்துத்தான் நீ அதைச் சொன்னாய், நானும் அவனை நினைத்துத்தான் கேட்டுக் கொண்டிருந்தேன், ஆனால் ரெண்டு பேரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

நஸீம் போனது எப்படி என்று அங்கே உனக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள், அதனால் நான் ஒரு தடவை முழுவதும் எழுதி விடுகிறேன். நம் கரையில் யார் வள்ளமாவது நடுக்கடலில் நின்றுபோனால் ரெண்டு எஞ்சின் வைத்திருக்கிறவன்தான் போய்க் கட்டி இழுத்து வர வேண்டும், அவன் ரெண்டாம் தடவை கூப்பிட வைக்கக் கூடாது, அதுதான் இங்கே வழக்கம். அன்று நஸீம் மீன் இறக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றான். ஜான்ரோஸின் ஒற்றை எஞ்சின் வள்ளம் மேற்கே நின்றுவிட்டது, அவனுடைய அப்பாவும் அதில் இருக்கிறார், அவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று போன் வந்தது. இவன் டேங்கில் மிச்சம் கிடந்ததோடு ஒரு கேன் எண்ணெயை மட்டும் தூக்கிப் போட்டுக்கொண்டு தனியாக ஓடினான். நீரோட்டத்துக்கு எதிராக இன்னொரு வள்ளத்தை இழுக்கும்போது ரெண்டு எஞ்சினும் எண்ணெயைத் தண்ணீராய்க் குடிக்கும். பாதி வழியில் ஜான்ரோஸின் எஞ்சின் எப்படியோ பிடித்துக்கொண்டது, ஆனால் அவன் எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது, மறுபடி எப்போது வேண்டுமானாலும் நிற்கும். இவன் தன்னிடம் இருந்த கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்பாவக் கொண்டு நீ முன்ன போ லே, நான் ஒத்த எஞ்சின்ல மெள்ள வாறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் காற்று திரும்பியது. ஜான்ரோஸின் அப்பா பிழைத்துக்கொண்டார். நம் வள்ளத்தைக் கொல்லத்துக்கு அப்பால் கண்டெடுத்தார்கள், ரெண்டு எஞ்சினும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன, டேங்க் காய்ந்து கிடந்தது, அவன் மட்டும் இல்லை.

உடல் கிடைக்காவிட்டாலும் அவனுக்கு இறுதித் தொழுகையாகக் காயிப் ஜனாஸா தொழ வைத்துவிடலாமா என்று ஜமாஅத்தில் இருந்து ரெண்டு தடவை வந்து கேட்டுவிட்டார்கள். உன் உம்மா ரெண்டு தடவையும் வந்தவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மாதா மாதம் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணச் சொல்கிறாள், அந்த நம்பர வேற எவனாவது எடுத்து ஹலோன்னு சொன்னா நான் தாங்க மாட்டேன் என்கிறாள், நானும் பண்ணிக்கொண்டு இருக்கிறேன். அவளைச் சொல்லி என்ன, என் கதை அதைவிட மோசம். ரெண்டு எஞ்சினும் சேர்ந்து ஓடுகிற வள்ளத்தின் சத்தம் உனக்குத் தெரியும், ஒன்றோடொன்று சேராமல் கூடிக் கூடிக் குறையும். சாயங்காலம் அசர் தொழுது முடித்து வெளியே வரும்போது அந்தச் சத்தம் மேற்கே இருந்து எனக்குக் கேட்கிறது. நான் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் மணலுக்கு ஓடுவேன். அங்கே ஒரு வள்ளமும் வந்திருக்காது. சத்தம் கிட்ட வந்து கிட்ட வந்து, கரை தொடுகிற இடத்தில் அப்படியே நின்றுவிடும். காதில் கோளாறு என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், ஊற்றினேன், சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. இதை உம்மாவிடம் நான் சொன்னதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளும் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கிறாள், நான் பார்த்திருக்கிறேன், என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதனால் நீ சொன்னபடியே புது வள்ளத்தில் பெரிய ஒற்றை எஞ்சினைப் பூட்டினேன். எண்ணெய் மிச்சம், தூரம் அதிகம் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஆனால் மக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நீ மைலேஜ் மைலேஜ் என்று சொன்னாலும் உன் மனதில் ஓடுகிற கணக்கு எனக்கு விளங்கியது, எனக்கும் அதே கணக்குதான். ஒற்றை எஞ்சின் வள்ளத்தை யாரும் கூப்பிட மாட்டார்கள். நீ வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து இந்த வள்ளத்தில் ஏறப் போகிறேன் என்கிறாய், பிள்ளை பிறக்கப் போகிறது, உன்னை யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்றுதான் நான் அந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்து வாங்கினேன்.

போன ஜும்ஆவுக்கு முந்தின ஜும்ஆ முடிந்து நான் வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மேற்கே ஒரு வள்ளம் நின்றுவிட்டது என்று கரை ஆட்களின் வாட்ஸாப்பில் வந்தது, கடலும் கொஞ்சம் பொங்கிக் கொண்டிருந்தது. ரெண்டு எஞ்சின் வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்த நேரம். நாலைந்து பேர் மணலில் ஓடி வந்தார்கள், என் வள்ளத்தின் பின்புறத்தைப் பார்த்தார்கள், இது ஒத்த எஞ்சினாக்கும் என்று ஒருவன் சொன்னான், அப்படியே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். என் வாய் தானாக அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டது. சொன்ன அடுத்த நிமிஷம் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி முதுகு கூசியது. திரும்பிப் பார்க்க பயமாக இருந்தது மக்கா, பெற்ற பிள்ளை நஸீமைப் பார்க்க வாப்பா நானே பயந்தேன். கடைசியில் அப்போதுதான் கரை தொட்ட ரெண்டு எஞ்சின் வள்ளத்தோடு கிளீட்டஸ் போனான், நம் தெற்குத் தெருப் பையன், கல்யாணம் ஆகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி ஷீஜா முடியைக்கூடக் கட்டாமல் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவன் எடுத்துட்டுப் போன எண்ணெ போதுமா வாப்பா, நீங்க சொன்னா சரியா இருக்கும் என்று கேட்டாள். போதும் மக்ளே என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அவன் திரும்பி வருகிறவரை நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வந்துவிட்டார்கள், எல்லாரும் நல்லபடியாக வந்துவிட்டார்கள், அவள் அவனை எல்லார் முன்னாலும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், கரையே சிரித்தது, என்னால் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் உம்மா ஷாஜிதா பேகம் எல்லாவற்றையும் யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். இந்த உலகத்தில் ஒற்றை எஞ்சின் போதும் என்று சொல்கிற முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு, கேட்டியளா, நாம ஒத்த எஞ்சின் வச்சா நம்ம பிள்ள செஞ்சது தப்புன்னு நாமளே சொன்ன மாதிரி ஆவும்லா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மீன் ஆறுகிறது, தின்னுங்க என்றாள். நான் தின்றேன்.

மறுநாள் எஞ்சின் கடைக்குப் போனேன். பெரியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு சின்னது ரெண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ கத்துவாய், தெரியும். தூரம் குறையும்தான், ஆழத்து மீனுக்குப் போக முடியாதுதான், கரைப்பக்கத்து மீனைப் பிடித்துப் பிழைத்துக் கொள்ளலாம். ரெண்டு எஞ்சினுக்கும் தனித்தனி டேங்க் வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்றில் தண்ணீர் கலந்தாலும் மற்றது ஓடும். இன்னொன்றும் செய்யப் போகிறேன், கரைக்கு வந்ததும் மீன் இறக்குவதற்கு முன்னால் எண்ணெய் நிரப்புவது. எல்லாரும் அப்படியே செய்ய வேண்டும் என்று ஜான்ரோஸ் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு இருக்கிறான், அவன் இப்போது கடலுக்குப் போவதில்லை, ஐஸ் கம்பெனியில் நிற்கிறான், இந்தப் பேச்சை எடுக்கும்போது மட்டும்தான் அவன் தலை நிமிர்கிறது.

இனி உம்மா கேட்கக் கூடாத பேச்சு. நீ வந்துவிடுவாய் என்று அவள் உன் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டாள். ஆனால் என் ஆசையைக் கேட்டால் நீ வராமல் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான், முப்ஷிராவையும் பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஒரு பிள்ளையைக் கொடுத்தவன் இன்னொன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்ப்பான். வந்தே தீருவேன் என்றால் இது கூப்பிட்டால் போகும் வள்ளம் என்று தெரிந்து ஏறு, ஏறின பிறகு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. எதைச் செய்தாலும் வாப்பா உன்னைக் குறைத்து நினைக்க மாட்டேன்.

வயிறு எரிகிறது என்று சொன்னாயே, அந்த ஹோட்டல் மந்திச் சோற்றைக் கொஞ்சம் நிறுத்து. நோன்பு வருகிறது, விட்டுப்போன நோன்புகளை அதற்கு முன்னால் பிடித்து முடி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக, முப்ஷிராவுக்கு லேசான பிரசவத்தைத் தருவானாக. நீ எந்தக் கடலில் இருந்தாலும் அவன் உன்னைக் கரை சேர்ப்பானாக, நீ கட்டி இழுத்து வருகிறவர்களையும் சேர்த்து.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் வாப்பா,
சுலைமான்
குளச்சல்