மீன் சந்தை ஐஸும் டாக்டர் வகீஹின் இடைநீக்கமும்

அனுப்புநர்:
நோயாளி லுஜைனின் தந்தை,
டாக்டர் வகீஹ் தர்தீர் வீட்டுக்கு நேர் கீழ்வீடு,
துறைமுகத் தெரு, மல்லாஹா, எகிப்து.

பெறுநர்:
ஒழுங்கு நடவடிக்கை விசாரணை அலுவலர் அவர்கள்,
மாகாண சுகாதார அலுவலகம்.

பொருள்: தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் வகீஹ் தர்தீரின் பணி இடைநீக்கத்தை ரத்து செய்யவும், அப்பிரிவில் ஐஸுக்கு விதித்த தடையை இன்றே நீக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை வாய் மூடி இருந்தது போதும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1. டாக்டர் வகீஹ் என் நண்பர் அல்லர். அவருடைய ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் பல கோடைகளாக என் பால்கனியில் விழுகிறது. நகராட்சிக்கு அனுப்பிய மனுக்களுக்குப் பதில் இல்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை. ஆகவே நான் கீழே கூறுவதைப் பாசத்தால் கூறுவதாகத் தாங்கள் கருத வேண்டியதில்லை.

2. சென்ற மாதம் என் ஒரே மகள் லுஜைனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. சில நாட்களில் ஈரல் அடியோடு செயலிழந்தது. பிறகு என்னையே யாரென்று கேட்டாள். அதன் பின் எதையும் கேட்கவில்லை. மருத்துவமனையில் பணியில் இருந்தவர், என் போதாத காலம், டாக்டர் வகீஹ். அவளை மயக்கத்தில் ஆழ்த்திச் சுவாசக் கருவியில் இணைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் சுவரிடம் சொன்னார்: “ஈரல் சுத்தம் பண்ணாத விஷம் தலைக்கு ஏறிடுச்சு. மூளை வீங்குது. மண்டை ஓடு ரப்பர் இல்ல, விரிஞ்சு குடுக்க. மருந்து குடுத்தும் அடங்கல. உடம்பக் குளுர வெச்சா வீக்கம் கொஞ்சம் அடங்கலாம். ஈரல் தேறுற வரைக்கும் மூளையத் தாங்கணும். தேறுமான்னு எனக்குத் தெரியாது.”

3. உடலைக் குளிர்விக்கும் கருவி மருத்துவமனையில் உண்டு. பண்டகசாலையில், பிரிக்கப்படாத பெட்டியில், நலமாக இருக்கிறது. அதன் மேல்தான் பண்டகக் காப்பாளர் டீ போடுகிறார். பெட்டியைத் திறக்கச் சொன்னதற்கு அவர், எல்லோரையும் போல் என்னையும் ‘பாஷா’ என்று மரியாதையாக அழைத்து, “கமிட்டி வந்து பாக்காம டேப்பப் பிரிச்சா என் கழுத்து போயிடும் பாஷா. டீ சாப்பிடுறீங்களா?” என்றார். பெட்டியைத் திறக்கக் கோரி அன்றே தங்கள் அலுவலகத்தில் கையொப்பமிட்டு மனு கொடுத்தேன். பதிலை இன்றும் எதிர்நோக்குகிறேன்.

4. எனவே டாக்டர் தம் சொந்தக் காரை எடுத்தார். நானும் ஏறினேன். மீன் சந்தைக்குப் போனோம். மீன்காரர் கேட்டார்: “வாங்க டாக்டர் பாஷா! வீட்ல கல்யாணமா? எத்தன கூடை?”

“மீன் வேணாம். ஐஸ் மட்டும்.”

“மீனில்லாத ஐஸா? யாரு செத்தா?”

“யாரும் சாகல. அதுக்குத்தான் ஐஸு.”

5. ஐஸைப் பைகளில் கட்டி, துணி சுற்றி, என் மகளின் கழுத்தோரமும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். உடல் நடுங்காமல் இருக்க மருந்து ஏறியது. வெப்பம் ஓர் அளவுக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொண்டு, டாக்டர் வீட்டுக்கும் போகாமல் அருகிலேயே இருந்தார். அந்நாட்களில் என் பால்கனி காய்ந்திருந்தது.

6. என் தமக்கை ஸனிய்யா நோயாளிக்குச் சூடு காட்டுவதே வைத்தியம் என்று நம்பி வளர்ந்தவர். நர்ஸ் கரீமா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இவர் கம்பளியைப் போர்த்தினார். “குளுந்து போனா பொணம்டா! பெத்த மகள மீன் மாதிரி ஐஸ்ல போட்டுட்டு நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?” என்று நடைகூடம் முழுவதும் கேட்கும்படி என்னைக் கேட்டார். கரீமா, “ஹாஜியம்மா, இன்னொரு தடவ போத்துனா உங்களையும் பக்கத்துல படுக்க வெச்சு ஐஸ் கட்டிருவேன்” என்றார். கம்பளியை நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மகளின் கையைத் தொட்டுப் பார்த்தபோது தமக்கை சொல்வதுதான் சரியோ என்று எனக்கும் தோன்றியது. இதை டாக்டரிடம் தெரிவிக்க வேண்டாம்.

7. ஈரல் மெல்லத் தேறியது. மெல்லவே சூடேற்றி எழுப்பினார்கள். மூளை பழுதுபடவில்லை என்பதற்குச் சான்றாக அவளுடைய முதல் வாக்கியத்தைத் தருகிறேன்: “அப்பா, யாரு மீன் வாங்குனது? கழுவவே இல்லையா?”

8. அடுத்த வாரம், நோயாளியை “மீன் மாதிரி ஐஸில் போட்டதாக” தங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அந்த உவமையை எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் பயன்படுத்துவார். அவரைப் பெருநாளன்று நான் பார்த்துக்கொள்கிறேன். தாங்களோ கடிதம் கிடைத்த மறுநாளே டாக்டரை இடைநீக்கம் செய்தீர்கள். அங்கீகாரமற்ற ஐஸ், வாசலில் பூனைகள், இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமை என்பவை குற்றச்சாட்டுகள். பூனைகள் வந்தது உண்மை. உள்ளே விடப்படவில்லை. கருவியைப் பற்றித் தங்கள் அலுவலகத்தில் உள்ள என் மனுவைப் பார்க்கவும்.

9. இப்போது என் மகள் படுத்திருந்த அதே கட்டிலில் ஒரு கொத்தனாரின் மனைவி படுத்திருக்கிறார். கண்கள் மஞ்சள். நேற்று மாலை கணவரை யாரென்று கேட்டார். டாக்டர் மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கருவிப் பெட்டியின் மேல் டீ கொதிக்கிறது. கொத்தனார் சந்தையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். காவலாளி தடை உத்தரவைக் காட்டித் திருப்பி அனுப்பினார். வாசலில் அது உருகியதை நான் பார்த்தேன். டாக்டர் இருந்தாலும் அப்பெண் பிழைப்பார் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லமாட்டார்.

ஆகவே, டாக்டர் வகீஹை இன்றே பணிக்கு அனுப்பவும், பெட்டியைத் திறக்கவும், அது திறக்கும் வரை ஐஸை அனுமதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். ஏ.சி. தண்ணீர் குறித்த என் புகார்கள் அப்படியே நிலுவையில் இருக்கட்டும்.

இந்த இடத்தில் கையொப்பமிடப் பேனாவைத் திறந்தேன். கையொப்பமிட்ட என் மனு தங்களிடம் ஒரு மாதமாக உறங்குகிறது. கையொப்பமில்லாத கடிதத்துக்கோ மறுநாளே உத்தரவு பிறந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம் இல்லை. பேனாவை மூடிவிட்டு இதை இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.

இடம்: மல்லாஹா
நாள்: ஆகஸ்ட் 19, காலை
கையொப்பம்: